ஈபே ஏன் ஸ்கைப்பை வாங்கியது, ஏன் விற்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைய ஏலச் சந்தையான ஈபே, 2005-ல் இணையவழித் தொலைபேசிச் சேவையான ஸ்கைப்பை வாங்கியது. நான்கே ஆண்டில் அதில் பெரும்பங்கைக் கைமாற்றிவிட்டது. ஒரு பெரிய நிறுவனம் தனக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்றை வாங்குகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் இந்தப் பேரம் பேச்சில் அடிபடும். "ஈபே காசைக் கரியாக்கியது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி பாதிதான் சரி. காசு கரியாகவில்லை. எதற்காக வாங்குகிறோம் என்று சொன்னார்களோ, அதுதான் கடைசிவரை நடக்கவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்தக் கதை புரியும்.

எப்போது வாங்கினார்கள், என்ன விலை?

2005 செப்டம்பர் 12 அன்று அறிவித்தார்கள். அக்டோபரில் பேரம் முடிந்தது. விலை சுமார் 260 கோடி டாலர். ஏறக்குறைய பாதி ரொக்கம், மீதி ஈபே பங்குகள். இதற்கு மேல், ஸ்கைப் சில இலக்குகளை எட்டினால் அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் 150 கோடி டாலர் வரை தருவதாகவும் ஒப்பந்தம். எல்லா இலக்கும் எட்டப்பட்டிருந்தால் மொத்தம் 410 கோடி டாலராகியிருக்கும்.

அப்போது ஸ்கைப் எவ்வளவு சம்பாதித்துக்கொண்டிருந்தது?

2004-ல் அதன் வருமானம் சுமார் 70 லட்சம் டாலர். 2005-ல் 6 கோடியும், 2006-ல் 20 கோடியும் வரும் என்று எதிர்பார்ப்பு. பதிவு செய்துகொண்ட பயனாளர்கள் 5.4 கோடிப் பேர். அதாவது கையில் இருந்த வருமானத்துக்கு அல்ல, சேர்ந்துகொண்டிருந்த கூட்டத்துக்குத்தான் அந்த விலை. இரண்டு வயதே ஆன நிறுவனம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைக்குப் பலர் மூக்கின்மேல் விரல் வைத்ததில் ஆச்சரியமில்லை.

ஸ்கைப்பை உருவாக்கியவர்கள் யார்?

சுவீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃப்ரீஸ் இருவரும் நிறுவனர்கள். நிரலை எழுதியவர்கள் எஸ்தோனியாக்காரர்கள்: ஆதி ஹெய்ன்லா, ப்ரீத் கசெசாலு, யான் தல்லின். இதே குழுதான் அதற்கு முன் கஸா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளையும் எழுதியது. ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு நேரடியாகப் பாட்டை அனுப்ப அவர்கள் கண்டுபிடித்த வழியை, பாட்டுக்குப் பதில் குரலை அனுப்பப் பயன்படுத்தினார்கள். 2003 ஆகஸ்டில் முதல் பதிப்பு வெளியானது. பதிவு அலுவலகம் லக்சம்பர்க்கில். நிரல் வேலை எஸ்தோனியத் தலைநகர் தல்லினில்.

இந்தக் கஸா தொடர்பை நினைவில் வையுங்கள். நான்கு ஆண்டு கழித்து ஈபேக்குத் தலைவலியாக வந்தது இதுதான்.

இணையத்தில் பேசும் வசதி முன்பே இருந்ததே, ஸ்கைப்பில் என்ன புதுமை?

இருந்தது, ஆனால் சாதாரண ஆளால் பயன்படுத்த முடியாதபடி இருந்தது. வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரே இணைப்பைப் பல கணினிகள் பங்கிட்டுக்கொள்ளும்போது, வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்பதே குழப்பமாகிவிடும். பாதுகாப்புச் சுவர் வேறு குறுக்கே நிற்கும். ஸ்கைப் இதைப் பயனாளருக்குத் தெரியாமலே சமாளித்தது. நல்ல இணைப்பும் வேகமும் உள்ள சில பயனாளர்களின் கணினிகளையே இடைமுனைகளாக வைத்துக்கொண்டு மற்றவர்களை இணைத்துவிட்டது. அதனால் பெரிய தொலைபேசி நிலையங்களைக் கட்ட வேண்டிய செலவு அதற்கு இல்லை. புதிதாக ஒருவர் சேர்ந்தால் சுமையோடு சேர்ந்து, சுமக்கும் திறனும் கொஞ்சம் கூடும்.

அந்த மென்பொருளில் ஒரு சோதனை அழைப்பும் உண்டு. அழைத்தால் ஒரு குரல் வரவேற்று, ஒலி கேட்டதும் ஏதாவது பேசச் சொல்லும். நீங்கள் பேசியதை உங்களுக்கே திருப்பிப் போட்டுக் காட்டும். மைக் வேலை செய்கிறதா, ஹெட்போனை மாற்றிச் செருகிவிட்டோமா என்று யாரையும் கேட்காமல் தானே தெரிந்துகொள்ளலாம். சின்ன விஷயம்தான். ஆனால் கணினி பழகாத ஒரு பெரியவர், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் தனியாகப் பேச முடிந்ததற்கு இப்படிப்பட்ட சின்ன விஷயங்கள்தான் காரணம்.

ஸ்கைப்பிலிருந்து ஸ்கைப்புக்கு இலவசம். சாதாரணத் தொலைபேசி எண்ணுக்குப் பேச மட்டும் காசு. அந்தக் கட்டணச் சேவை 2004-ல் வந்தது. வருமானம் பெரும்பாலும் அதிலிருந்துதான்.

ஏலக்கடைக்குத் தொலைபேசி எதற்கு?

ஈபேயின் அன்றைய தலைமை அதிகாரி மெக் விட்மன் சொன்ன காரணம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. பழைய நாணயமோ பொம்மையோ வாங்குபவர் படத்தைப் பார்த்து ஏலம் கேட்டுவிடுவார். கார், நிலம், வீடு, விலை உயர்ந்த கலைப்பொருள், தொழில் இயந்திரம் என்று போகும்போது நாலு கேள்வி கேட்காமல் யாரும் கை வைக்கமாட்டார்கள். அந்தக் கேள்விகள் மின்னஞ்சலில் போய் வருவதற்குள் ஏலமே முடிந்துவிடும். பக்கத்திலேயே ஒரு பொத்தான் இருந்து, அழுத்தியதும் விற்பவரோடு பேச முடிந்தால் பேரம் சீக்கிரம் படியும் என்பது கணக்கு.

இரண்டாவது கணக்கு விளம்பரம். ஒரு வியாபாரிக்கு வாடிக்கையாளரின் அழைப்பைக் கொண்டுவந்து சேர்த்தால், அழைப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கலாம். மூன்றாவது, ஈபே வைத்திருந்த பேபால் என்ற இணையவழிப் பணம் செலுத்தும் சேவை. ஸ்கைப் பயனாளர்கள் பேபால் வழியாகப் பணம் கட்டுவார்கள், பேபால் பயனாளர்கள் ஸ்கைப்புக்கு வருவார்கள், மூன்றும் ஒன்றையொன்று தூக்கிவிடும் என்றார்கள்.

சீனாதான் உண்மையான காரணம் என்கிறார்களே?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் பேரம் பேசி வாங்கும் நாடுகள் ஈபேயின் கண்ணில் இருந்தன. சீனாவில் ஈட்ச்நெட் என்ற தளத்தை 2003-க்குள் முழுவதுமாக வாங்கி ஈபே இறங்கியிருந்தது. அதே 2003-ல் அலிபாபா நிறுவனம் தாவோபாவ் தளத்தைத் தொடங்கியது. பொருளைப் பட்டியலிட அங்கே கட்டணம் இல்லை. அதோடு வாங்குபவரும் விற்பவரும் உடனுக்குடன் அரட்டையில் பேரம் பேசும் வசதியைத் தளத்திலேயே வைத்தது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பேசும் வசதி தன்னிடம் இல்லாததுதான் குறை என்று ஈபே நினைத்திருந்தால் அது இயல்பே.

ஆனால் தாவோபாவ் கொடுத்தது எழுத்து அரட்டை. ஈபே வாங்கியது குரல். இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல என்பதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம். எப்படியும் சீனாவுக்கு அது உதவவில்லை. 2006 டிசம்பரில் ஈபே தன் சீனத் தளத்தை டாம் ஆன்லைன் என்ற உள்ளூர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்த்து, நிர்வாகத்தையும் அவர்களிடம் விட்டுவிட்டது.

சரி, ஈபேயில் மக்கள் ஸ்கைப்பில் பேசினார்களா?

2006-ல் சில பொருள் பிரிவுகளில் ஸ்கைப் பொத்தானை வைத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சீண்டவில்லை. என்னைப் பொறுத்தவரை மொத்தக் கதையிலும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விற்பவர் பக்கம் நின்று பாருங்கள். ஒருவர் பழைய கேமராக்களை விற்கிறார், ஒரே நேரத்தில் நூறு பொருள் பட்டியலில் இருக்கிறது. ஏலம் ஏழு நாள் ஓடும். வாங்க வருபவர்கள் வேறு வேறு நாட்டில், வேறு வேறு நேரத்தில் இருப்பவர்கள். எழுதிக் கேட்டால் சாப்பிட்டுவிட்டு இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டுவிடலாம். கூப்பிட்டுக் கேட்டால் நாளெல்லாம் கணினி முன்னால் ஹெட்போனோடு உட்கார வேண்டும். "லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா?" என்று ஒருவர் எழுதிக் கேட்கும்போது, அந்தக் கேள்வியையும் பதிலையும் பொருளின் பக்கத்திலேயே போட்டுவிட்டால் ஏலத்தில் நிற்கும் அத்தனை பேரும் படித்துக்கொள்வார்கள். தொலைபேசியில் சொன்ன பதில் ஒருவருக்கு மட்டும். அடுத்தவர் கூப்பிட்டு அதையே கேட்பார்.

வாங்குபவருக்கு இன்னொரு கவலை. நாளைக்குப் பொருள் வந்து சேர்ந்து லென்ஸில் பூஞ்சை இருந்தால், "இல்லை என்றுதானே சொன்னீர்கள்" என்று காட்டக் கையில் என்ன இருக்கும்? எழுத்தில் இருந்தால் அதைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. முன்பின் தெரியாத இரண்டு பேர் நம்பி வியாபாரம் செய்ய முடிந்ததே, ஈபே எல்லாவற்றையும் எழுத்தில் வைத்ததால்தான்: பொருள் விவரம், கேள்வி பதில், கடைசியில் ஒருவர் மற்றவருக்கு எழுதும் மதிப்புரை.

ஈபே நிறுவனத்துக்கே ஓர் ஆபத்தும் இருந்தது. விற்ற விலையில் ஒரு பங்கு கமிஷனாக வருவதுதான் அதன் வருமானம். இருவரும் நேரில் பேசிக்கொண்டால் "தளத்தை விட்டுடுங்க, கமிஷனில் பாதியைக் குறைச்சுத் தரேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தளத்துக்கு வெளியே பேரம் முடிப்பதைத் தடுக்கவே விதிகள் வைத்திருந்த நிறுவனம், அதற்குத் தோதான கருவியைத் தன் கைக்காசில் வாங்கி நடுவில் வைத்தது.

பேபாலையும் வெளியிலிருந்துதானே வாங்கினார்கள், அது மட்டும் எப்படிப் பலித்தது?

2002-ல் 150 கோடி டாலருக்குப் பேபாலை வாங்கியபோது, ஈபே பயனாளர்கள் ஏற்கெனவே அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஈபேயிடம் பில்பாயிண்ட் என்ற சொந்தப் பணம் செலுத்தும் சேவை இருந்தும், ஏலத்தில் ஜெயித்தவர்கள் பேபாலிலேயே பணம் கட்டினார்கள். பேபாலின் தொழிலில் பெரும்பகுதி ஈபே ஏலங்களிலிருந்துதான் வந்தது. அதாவது நடந்துகொண்டிருந்த ஒன்றை ஈபே வாங்கியது. ஸ்கைப் விஷயத்தில் அப்படி எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை; வாங்கிய பிறகு நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் வெற்றி கொடுத்த தைரியத்தில் இந்த வித்தியாசம் கண்ணில் படாமல் போயிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஈபே கையில் ஸ்கைப் தேய்ந்துபோனதா?

இல்லை, வளர்ந்தது. இது பலருக்குத் தெரிவதில்லை. வாங்கிய சில மாதங்களிலேயே வீடியோ அழைப்பு வந்தது. 2008 முடிவில் பதிவு செய்த பயனாளர்கள் 40 கோடியைத் தாண்டினார்கள். அந்த ஆண்டு வருமானம் சுமார் 55 கோடி டாலர், லாபமும் வந்துகொண்டிருந்தது. 2007 ஆகஸ்டில் ஒரு பெரிய முடக்கம் உண்டு. விண்டோஸ் புதுப்பிப்பு வந்து ஏராளமான கணினிகள் ஒரே சமயத்தில் அணைந்து மீண்டன. அத்தனையும் ஒன்றாக உள்நுழைய முயன்றபோது வலையமைப்பு தாங்காமல் ஏறக்குறைய இரண்டு நாள் சேவை நின்றுபோனது. அதைத் தவிர, ஸ்கைப் ஸ்கைப்பாக நன்றாகவே ஓடியது. ஈபேயோடு ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

2007-ல் ஈபே பெரிய நஷ்டக் கணக்கு எழுதியதே, அது என்ன?

2007 அக்டோபரில் ஈபே ஸ்கைப்புக்காக சுமார் 140 கோடி டாலரைக் கணக்கில் கழித்தது. இதில் இரண்டு தொகை கலந்திருக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும். சுமார் 53 கோடி டாலர் கையிலிருந்து போன பணம்: 150 கோடி வரை தருவதாகச் சொன்ன கூடுதல் தொகைக்குப் பதில், இதோடு கணக்கைத் தீர்த்துக்கொள்வோம் என்று பழைய பங்குதாரர்களுக்குக் கொடுத்தது. மீதி சுமார் 90 கோடி, "நாம் கொடுத்த விலை இந்த நிறுவனத்துக்கு அதிகம்" என்று ஏட்டில் மதிப்பைக் குறைத்து எழுதியது. அதே சமயத்தில் சென்ஸ்ட்ரோம் ஸ்கைப்பின் தலைமை அதிகாரிப் பதவியிலிருந்து விலகினார். 2008-ல் மெக் விட்மனும் ஈபேயை விட்டு விலக, ஜான் டோனஹோ அந்த இடத்துக்கு வந்தார். ஸ்கைப் நல்ல தொழில், ஆனால் ஈபேக்கும் பேபாலுக்கும் அதனால் ஆகப்போவது அதிகமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அதைத் தனியாகப் பிரிக்கும் வேலையைத் தொடங்கினார்.

ஜோல்டிட் வழக்கு என்றால் என்ன?

ஸ்கைப்பின் அடியில் ஓடிய கணினி-கணினி இணைப்புத் தொழில்நுட்பத்தின் பெயர் குளோபல் இண்டெக்ஸ். அதன் உரிமை ஸ்கைப்பிடம் இல்லை. சென்ஸ்ட்ரோமும் ஃப்ரீஸும் வைத்திருந்த ஜோல்டிட் என்ற வேறொரு நிறுவனத்திடம் இருந்தது; ஸ்கைப் அதை உரிமம் வாங்கித்தான் பயன்படுத்தியது. ஈபே ஸ்கைப்பை வாங்கியபோது அந்த உரிமம் மட்டுமே கூட வந்தது. நிலத்தைக் கிரயம் பண்ணிக்கொண்டு, கிணறு மட்டும் விற்றவர் பேரிலேயே இருக்க, தண்ணீர் இறைக்க அவரிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்ட மாதிரி.

நிறுவனர்கள் உள்ளே இருந்தவரை சிக்கல் வெளியே தெரியவில்லை. 2009-ல் ஈபே ஸ்கைப்பைக் கைமாற்ற முனைந்த வேளையில், உரிம நிபந்தனைகளை மீறிவிட்டீர்கள் என்று சொல்லி ஜோல்டிட் உரிமத்தை ரத்து செய்தது. மூல நிரலை ஸ்கைப் அனுமதியில்லாமல் வைத்திருக்கிறது, மாற்றியிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. பிறகு அமெரிக்காவிலும் பதிப்புரிமை வழக்குப் போட்டார்கள். அதில் ஸ்கைப்பை வாங்க வந்த முதலீட்டாளர்களையும் சேர்த்தார்கள். வழக்கில் தோற்றால் ஸ்கைப்பை இப்போதுள்ள வடிவில் நடத்தவே முடியாமல் போகலாம் என்று ஈபே தன் பங்குதாரர்களுக்கு எழுத்தில் எச்சரித்தது. 260 கோடி கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி வாங்கியவரே இப்படி எழுத நேர்ந்தது.

கடைசியில் யாருக்கு விற்றார்கள்?

2009 செப்டம்பரில் சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் ஒரு குழு பெரும்பங்கை வாங்குவதாக அறிவிப்பு வந்தது. ஸ்கைப்புக்கு மொத்தம் 275 கோடி டாலர் என்று மதிப்பு. ஜோல்டிட் வழக்கு குறுக்கே வந்ததால் நவம்பரில்தான் சமரசத்தோடு முடிந்தது. நிறுவனர்கள் தொழில்நுட்ப உரிமையை ஸ்கைப்புக்கே கொடுத்துவிட்டு, பதிலுக்கு 14 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தார்கள். ஈபேயிடம் 30 சதவீதம் இருந்தது. மீதி 56 சதவீதம் முதலீட்டாளர் குழுவிடம். ஒருமுறை விற்றுப் பணம் வாங்கிய நிறுவனத்துக்குள், விற்காமல் வைத்திருந்த ஒரே சொத்தைக் கொண்டு அவர்கள் மறுபடியும் நுழைந்துவிட்டார்கள்.

அப்படியானால் ஈபேக்கு நஷ்டமா, லாபமா?

போன பணம்: 260 கோடி, அதோடு 53 கோடி, மொத்தம் சுமார் 313 கோடி டாலர். வந்த பணம்: 2009-ல் சுமார் 190 கோடி ரொக்கமும், 12.5 கோடிக்குக் கடன் பத்திரமும். 2011 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ஸ்கைப்பை 850 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்து அக்டோபரில் முடித்தபோது, கையில் வைத்திருந்த 30 சதவீதத்துக்கு 200 கோடி டாலருக்கும் மேல் கிடைத்தது. கூட்டிப் பார்த்தால் போட்டதைவிட எடுத்தது அதிகம்.

ஆறு ஆண்டு அந்தப் பணம் முடங்கிக் கிடந்ததையும், தலைமையின் கவனம் சிதறியதையும் யாரும் இந்தக் கூட்டல் கழித்தலில் சேர்ப்பதில்லை. உண்மையான லாபம் பார்த்தவர்கள் சில்வர் லேக் குழுவினர்; 275 கோடி மதிப்பில் வாங்கியது இரண்டு ஆண்டுக்குள் மூன்று மடங்கானது. ஈபே தன் பங்கு முழுவதையும் 2009-லேயே தள்ளிவிட்டிருந்தால் நஷ்டம் நஷ்டமாகவே நின்றிருக்கும். அந்த 30 சதவீதத்தை விடாமல் வைத்திருந்ததுதான் இந்தப் பேரத்தில் ஈபே எடுத்த நல்ல முடிவு.

இந்தியாவில் இதன் தாக்கம் என்ன?

ஈபே இந்தியாவுக்கு 2004-ல் பாஸி தளத்தை வாங்கி வந்தது. ஆனால் நம் ஊரில் ஸ்கைப்பை ஈபேயோடு சேர்த்து யாரும் நினைத்ததில்லை. ஐ.எஸ்.டி. கட்டணத்துக்குப் பயந்து நிமிடத்தை எண்ணிப் பேசிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு, சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளையோடு பிரவுசிங் சென்டரிலிருந்து மணிக்கணக்கில் பேசலாம் என்று ஆனதுதான் ஸ்கைப். அதை யார் வாங்கினார், யார் விற்றார் என்பது அந்த நாற்காலிவரை வந்து சேரவில்லை.

சட்டம் ஒரு பக்கம் கட்டிப்போட்டிருந்தது. 2002 ஏப்ரலில்தான் இந்தியா இணையத் தொலைபேசியையே அனுமதித்தது. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், வெளிநாட்டு எண்ணுக்கும் பேசலாம். உள்நாட்டுத் தொலைபேசி எண்ணுக்கு மட்டும் இணையத்திலிருந்து இணைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு நீடித்தது. 2014 நவம்பரில் ஸ்கைப்பே இந்தியாவுக்குள்ளிருந்து இந்திய எண்களுக்குச் செய்யும் அழைப்பை நிறுத்திவிட்டது.

ஸ்கைப் இப்போது இருக்கிறதா?

இல்லை. 2025 மே 5 அன்று மைக்ரோசாஃப்ட் அதை மூடி, பயனாளர்களை டீம்ஸ் செயலிக்கு மாற்றிவிட்டது. கைபேசியில் வாட்ஸ்ஆப் வந்த பிறகு குடும்பங்கள் அங்கே போயிருந்தன. கொரோனா காலத்தில் கூட்டம் கூடிப் பேசும் வேலையை ஜூம் எடுத்துக்கொண்டது. ஸ்கைப்பில் சம்பாதித்த பணமும் அனுபவமும் எஸ்தோனியாவில் வேறு தொழில்களாக முளைத்தன. ஸ்கைப்பின் முதல் ஊழியரான தாவெத் ஹின்ரிகுஸ், கிறிஸ்தோ கேர்மனோடு சேர்ந்து 2011-ல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர்வைஸ்தான், இன்று வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பப் பலர் பயன்படுத்தும் வைஸ்.